தலைச்சனைப் புதைத்த இடம்

பழைய கல்மேட்டு ரப்பர் தோட்டத்துச் சுடுகாட்டை எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. செலினா அப்போது வகுப்பில் இருந்தாள். வகுப்பு என்றால், மலாக்கா நகரத்துப் பாச்சாங்கில் அவர்கள் வீட்டு நடு அறையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, காதில் ஒரு ஹெட்போன். ஆசிரியர் இருந்தது இங்கிலாந்தில். அங்கே மதியம், இங்கே விளக்கு வைக்கிற நேரம்.

வகுப்பு நடக்கும்போது திலீபன் அந்த அறைக்குள் வரமாட்டான். மைலோ கோப்பையைக் கதவோரம் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவான். அன்றைக்கு மட்டும் கைபேசியைப் பிடித்தபடி நிலைப்படியிலேயே நின்றான். செலினா ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னா?"

"தோட்டத்து குரூப்ல போட்டிருக்காங்க. நிலத்த வித்தாச்சாம். தாமான் வீடுங்க கட்டப் போறாங்களாம். சுடுகாட்டுல சொந்தக்காரங்க இருக்கிறவங்க வந்து இடத்தக் காட்டணுமாம். அவங்களே தோண்டி எடுத்து ரெம்பியா பக்கத்துல வேற இடத்துல வச்சுக் குடுப்பாங்களாம்."

"எப்போ?"

"அடுத்த மாசம் கடைசி சனிக்கிழம."

செலினா ஹெட்போனை மேசையில் வைத்தாள். பிறகு, "அப்ப நம்ம பிள்ளையையும் எடுத்துரலாம்," என்றாள். "நல்ல இடமா வச்சு, ஒரு கல்லு போட்டு, பேரு எழுதிரலாம்."

அந்தக் குரலில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பிள்ளை போன இந்த ஒன்பது வருடத்தில் திலீபன் கேட்காத ஏதோ ஒன்று அதில் இருந்தது. அவன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"பார்ப்போம் லா," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான்.

அவர்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். செலினா சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் இடைநிலைப் பள்ளிக்கு ஏர்கோன் பழுதுபார்க்க வந்தவன் திலீபன். ஆசிரியர் அறை ஏர்கோன் அந்த வருடம் அடிக்கடி பழுதானது. அதற்குக் காரணம் அவன்தான் என்று சுசீலா டீச்சர் இன்றைக்கும் சொல்வாள். அவள் கத்தோலிக்கப் பெண், அவன் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டு வளர்ந்தவன். இரண்டு வீட்டிலும் கொஞ்சம் அழுகை, கொஞ்சம் பேச்சில்லாமை. கடைசியில் ரெம்பியா கோயிலில் தாலி, மலாக்கா தேவாலயத்தில் ஆசீர்வாதம் என்று எல்லாம் நல்லபடி முடிந்தது. திலீபனின் அப்பா தம்புசாமி தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் எழுந்தபோது எழுந்து, முட்டிபோட்டபோது முட்டிபோட்டார். அவருக்கு மருமகளை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

முதல் பிள்ளை பெண். ஒன்பதாவது மாதத்தில் வயிற்றிலேயே இறந்து பிறந்தது. மருத்துவமனையில் பச்சைத் துணியில் சுற்றி ஒரே ஒரு முறை காட்டினார்கள். மூக்கு அப்படியே திலீபனுடையது. அதற்குப் பிறகு செலினாவுக்குக் காய்ச்சல் ஏறி, இரண்டு மூன்று நாள் நினைவு சரியாக இல்லை. எழுந்து உட்கார்ந்து "பிள்ளை எங்கே" என்று கேட்டபோது, மாமனார் துணிமூட்டையை மோட்டார் சைக்கிளில் வைத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார் என்றார்கள். அவர் மட்டும், தனியாக.

"எங்க?"

யாரும் சொல்லவில்லை. தோட்டத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தலைச்சன் பிள்ளை இறந்தால் புதைத்த இடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னால், மந்திரம் பண்ணுகிறவன் தோண்டியெடுத்து அந்த எலும்பிலிருந்து மை செய்துவிடுவான். பெற்றவர்களுக்குச் சொல்வது அதைவிடப் பாவம். அவர்கள் போய்ப் போய் அழுதால் பிள்ளை அந்த இடத்தைவிட்டுப் போகாது, அடுத்தது வயிற்றில் தங்காது. அதனால் வீட்டில் பெரிய ஆம்பளை ஒருவர் மட்டும் கொண்டுபோவார். மேடு கட்டாமல், கல் வைக்காமல், மண்ணைச் சமமாக்கிவிட்டு வந்துவிடுவார்.

செலினா கேட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டின் நடுவே கேட்பாள். காரில் போகும்போது கேட்பாள். "உங்க அப்பாகிட்ட கேளுங்க. எனக்கு மட்டும் சொல்லச் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." திலீபன் ஒவ்வொரு முறையும், "கேட்டேன், சொல்லமாட்டேன்றாரு," என்பான். இரண்டு வருடம் அப்படிப் போனது. அவள் இளைத்து, அளவுக்குப் பெரிய பள்ளிச் சீருடையைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு போவதைப்போலச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு ஆனாள். மூன்றாம் வருடம் தம்புசாமிக்குப் பக்கவாதம் வந்து வாய் போய்விட்டது. மாதம் திரும்புவதற்குள் அவரும் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் திலீபன் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். சுடுகாட்டின் கீழ்க்கோடியில், வேலிக்கல்லுக்கும் பழைய தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவில், வேறு எந்தச் சமாதியும் இல்லாத வெற்றிடம் ஒன்று இருந்தது. "இங்கதான்," என்றான். "போறதுக்கு முன்னாடி அப்பா கையால வரைஞ்சு காட்டினாரு."

செலினா குனிந்து மண்ணைத் தொட்டாள். மற்ற இடத்து மண் கல்போல இறுகிக் கிடக்க, அங்கே மட்டும் மெத்தென்று இருந்தது. அவள் அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொண்டாள். திலீபன் கொஞ்ச தூரத்தில் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி, கிறிஸ்தவர்கள் கல்லறைக்குப் போகிற அந்த நாளில், அவர்கள் அங்கே போனார்கள். அவள் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவன் பால் ஊற்றுவான். வரும் வழியில் மஸ்ஜித் தானாவில் நிறுத்தித் தேநீர் குடிப்பார்கள். அவள் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். தூங்க ஆரம்பித்தாள். அடுத்த பிள்ளை மட்டும் வரவில்லை.

எகிப்து அதற்குப் பிறகுதான் வந்தது. முதலாம் படிவ மாணவர்களுக்குப் பழைய நாகரிகங்களைப் பற்றிப் படம் காட்டத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணில் ஒரு கட்டுரை பட்டது. நைல் நதிக்கரையில் சில ஊர்களில் இறந்த கைக்குழந்தைகளைப் பானையிலோ மரப்பெட்டியிலோ வைத்து, வீட்டுத் தரைக்குக் கீழேயே புதைத்திருக்கிறார்கள். சில பெட்டிகள் துணி வைப்பதற்காகச் செய்தவை. அவசரத்துக்குத் துணியைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வைத்திருக்கிறார்கள்.

அவள் அதைத் திலீபனிடம் வாசித்துக் காட்டினாள். "வீட்டுக்குள்ளேயே வச்சிருக்காங்க. அம்மா ரொட்டி சுடுற இடத்துக்குக் கீழ. அவ நடக்கிறது பிள்ளைக்குக் கேக்கும்ல?"

திலீபன் சோற்றைப் பிசைந்த கையோடு அவளைப் பார்த்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் எதையோ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுப் பேசுகிறாள் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் இருந்தபடியே எகிப்திய நாகரிகத்தில் முதுகலை படிக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்தவன் அவன்தான். மூன்று வருடப் படிப்பு. சனிக்கிழமை சமையல் இனிமேல் தன்னுடையது என்றான்.

பள்ளியில் சுசீலா டீச்சர் கேட்டாள். "எகிப்து படிச்சு என்னா செய்யப் போற? அங்க போய் ஒட்டகம் மேய்க்கவா?"

ஏர்கோன் பார்க்க வந்திருந்த திலீபன் அதைக் கேட்டுச் சொன்னான்: "மம்மிக்கும் ஏர்கோன் வேணும்ல டீச்சர். அது கெட்டுப்போற சாமான். இவ ஆர்டர் புடிப்பா, நான் மாட்டுவேன்."

செலினா சிரித்தாள். படிப்பு அவளைத் தூக்கி நிறுத்தியது. இறந்தவனுக்கு ரொட்டியும் பீரும் படைத்தார்கள் என்று படித்துவிட்டு, "உங்க ஆளுங்க சுருட்டும் சாராயமும் வைக்கிற மாதிரியேதான்," என்று அவனைச் சீண்டுவாள். பெயர் அழிந்துபோனால் அந்த ஆளும் இரண்டாம் முறை செத்துப்போவான் என்று அவர்கள் நம்பியதைப் படித்த அன்று, பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பும் அந்தக் குழந்தைகள்தான். வீட்டுத் தரைக்குக் கீழே கிடக்கும் குழந்தைகள்.

சுடுகாட்டுச் செய்தி வந்த சமயத்தில் வகுப்பில் செயற்கைக்கோள் படங்களை வாசிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை நரைத்த தலைமுடியைக் கொண்டை போட்ட ஆங்கிலேயப் பெண்மணி. ஒரே இடத்தின் படங்களை வருடவாரியாக அடுக்கி வைத்து, எது மாறியது, எது மாறவில்லை என்று பார்க்கவேண்டும். மாறாத இரண்டு பொருளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பார். ஒரு பாறை, ஒரு கிணறு. அவற்றிலிருந்து மற்றதை அளக்கவேண்டும். நேர்க்கோடு கண்டால் மனிதன் போட்டது. விளிம்பு கூராக, உள்ளே ஒரே கருமையாக இருந்தால் தண்ணீர். வெளிறிய திட்டு என்றால் புதிதாகக் கொட்டிய மண்.

நைல் கரையில் ஒரு கிராமத்துப் புதைமேட்டை வைத்து அவள் பயிற்சியை எழுதி முடித்தாள். மறுநாள் ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, காலை வெளிச்சத்தில் அதே மேசையில் உட்கார்ந்தாள். கல்மேட்டுத் தோட்டத்தையும் அதேபோல ஒரு வரைபடமாகப் போட்டுவிட்டால், தோண்ட வருகிறவர்களிடம் துல்லியமாகக் காட்டலாமே என்று தோன்றியது. யந்திரத்தின் பல் தப்பான இடத்தில் பட்டுவிடக் கூடாது.

தண்ணீர்த்தொட்டி தெரிந்தது. வேலிக்கல் வரிசையும் தெரிந்தது. இரண்டும் எல்லா வருடத்துப் படத்திலும் அசையாமல் இருந்தன. நடுவில் அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு படங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினாள். போன வருடம், பச்சை. அதற்கு முன்னும் பச்சை. அவன் அவளை முதன்முதலில் கூட்டிப்போன வருடத்தில் வெளிறிய செம்மண் திட்டு. அதற்கு முந்திய வருடத்துப் படத்தில் அவள் வைத்த புள்ளியைச் சுற்றி ஒரு கரும் நாற்கோணம். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது.

அவள் இன்னும் பின்னே போனாள். பிள்ளை இறந்த வருடம். அதே கரும் நாற்கோணம். அதற்கு முன்னும் அதேதான். தோட்டத்து ஆலை மூடுவதற்கு முன்னால் ரப்பர் பால் கழிவைத் தேக்கிவைத்த குட்டை அது. புள்ளி கரையில்கூட இல்லை. தண்ணீருக்கு நடுவில் இருந்தது.

தான் எங்கோ தப்பு செய்திருக்கவேண்டும் என்று முதலில் நினைத்தாள். மறுபடியும் தொட்டியிலிருந்து அளந்தாள். வேலிக்கல்லிலிருந்து அளந்தாள். எவ்வளவு தள்ளி வைத்துப் பார்த்தாலும் அந்த இடம் தண்ணீராகவே இருந்தது.

திலீபன் பாசாரிலிருந்து மீனோடு வந்தான். அவள் அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். படத்தைக் காட்டினாள்.

"இது என்னா?"

அவன் வெகுநேரம் பார்த்தான். மீன் பையை இன்னும் கையில் பிடித்திருந்தான்.

"குட்டை," என்றான்.

"உங்களுக்குத் தெரியும்ல. நீங்க அங்க பொறந்து வளர்ந்தவரு. அதுல தூண்டி போட்டிருப்பீங்க."

"அதுல மீன் கெடையாது. நாத்தம் பிடிச்ச தண்ணி."

"திலீபன்."

அவன் பையைக் கீழே வைத்தான்.

"அப்பா எனக்குக் காட்டல," என்றான். "கையால வரைஞ்சு காட்டினாருன்னு சொன்னது பொய். அவருக்குக் கை தூக்க வரல."

"அதுக்கு முன்னாடி? ரெண்டு வருஷம் கேட்டீங்களே. கேட்டேன், சொல்லமாட்டேன்றாருன்னு சொன்னீங்களே."

அவன் கண் படத்தைவிட்டுத் தரைக்குப் போனதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரவேண்டும் என்று காத்திருந்தாள்.

"கேக்கல," என்றான். "ஒரு தடவகூட கேக்கல. கேட்டா அடுத்தது தங்காதுன்னு சொன்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. நீ மறுபடியும் அந்த மாதிரி ஆஸ்பத்திரியில கெடக்கிறத என்னால பாக்க முடியாது. முதல்ல ஒண்ணு நல்லபடியா பொறக்கட்டும், அப்புறம் கேட்டுக்கலாம், அவரு எங்க போகப் போறாருன்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் அந்த இடத்த காட்டினீங்க?"

"நீ எலும்பா இருந்த செலினா. உனக்கு ஒரு இடம் வேணும்னு இருந்துச்சு. அப்பதான் குட்டைய மூடியிருந்தாங்க. வேற யாரோட சமாதியும் இல்லாத இடம். ஒருத்தரும் வந்து இது எங்களோடதுன்னு சொல்ல மாட்டாங்க. அதான் குடுத்தேன்."

மண் ஏன் மெத்தென்று இருந்தது என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.

"எகிப்து ராஜாக்களோட உடம்ப திருடனுங்ககிட்டேர்ந்து காப்பாத்த அந்தப் பூசாரிங்க தூக்கிட்டுப் போயி மலையில ஒளிச்சு வச்சாங்க," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வகுப்பில் பேசுவதுபோலவே குரல் இருந்தது. "ஆனா ஒவ்வொருத்தர் துணி மேலயும் மையால பேர எழுதி வச்சாங்க. யாரு, யாரு கொண்டாந்து வச்சதுன்னு. ஒளிச்சாலும் எழுதிதான் ஒளிச்சாங்க. உங்க அப்பா ஒரு ஆள்கிட்ட, ஒரே ஒரு ஆள்கிட்ட சொல்லியிருக்கலாம். நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"நல்லமுத்து சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்று திலீபன் அவசரமாக எழுந்தான். "அப்பா அவர்கிட்டதான் எல்லாம் சொல்வாரு. வா, இப்பவே போலாம்."

நல்லமுத்து தம்புசாமியோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்து, ஒன்றாக ரப்பர் பால் வெட்டியவர். இப்போது மஸ்ஜித் தானாவில் மகன் வீட்டில் இருந்தார். காரில் செலினா சன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திலீபன் மட்டும், "சித்தப்பாவுக்கு ஞாபகம் எல்லாம் நல்லா இருக்கும், பாரேன்," என்று இரண்டு முறை சொன்னான்.

நல்லமுத்து அவர்களைக் கண்டதும் மருமகளைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"அத எதுக்கு இப்ப கேக்கிற, தம்பி? கேக்கக் கூடாத விஷயம்."

"தோட்டத்த தரைமட்டமாக்கப் போறாங்க சித்தப்பா. எடுத்து வேற எடத்துல வைக்கணும்."

அவர் செலினாவைப் பார்த்தார். அவள் கண்களைத் தாழ்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்தான் முதலில் பார்வையை எடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா, ஆயி? இந்த வயசுல எனக்கு என்னா பயம். அன்னிக்கு வந்து மண்வெட்டி கேட்டான். குடுத்தேன். நானும் வரேன்டான்னேன். வராதன்னு சொல்லிட்டான். பொழுது சாஞ்சு திரும்பக் கொண்டாந்து குடுத்தான். கழுவிட்டுக் குடுத்தான்."

"கழுவிட்டா?"

"ஆமா. தேய்ச்சுக் கழுவி, துணியால தொடச்சு. மேட்டுப்பக்கம் செம்மண்ணு, ஆத்துப்பக்கம் களிமண்ணு. மண்ணப் பாத்தா எந்தப் பக்கம் போயிட்டு வந்தான்னு எனக்குத் தெரிஞ்சிரும்ல. அதுக்குத்தான்." பிறகு, "அவன் பேத்திய யாரும் தொடக்கூடாதுன்னு நெனச்சான் ஆயி. கெட்டத நெனச்சு செய்யல," என்றார்.

"சுடுகாட்டுக்குள்ளதான் வச்சாரா? அதாச்சும் தெரியுமா?" என்று செலினா கேட்டாள்.

நல்லமுத்து உதட்டைப் பிதுக்கினார். "தலைச்சன சுடுகாட்டுல வைக்கமாட்டாங்க. அங்கதான தேடுவானுங்க. பால்மரத்துக்குள்ள எங்கியாச்சும் வச்சிருப்பான். அந்த மரமெல்லாம் சாச்சு, எண்ணெய்க்குச் செம்பன நட்டாச்சு. மரத்து நெர வரிச மாறிப்போச்சு. அவனே எழுந்து வந்தாலும் இப்ப காட்ட முடியாது."

அந்த வாரம் ஆசிரியையிடமிருந்து பயிற்சிக்கான மதிப்பெண் வந்தது. வகுப்பிலேயே அதிகம். நிலப்படங்களை வாசிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது, ஆய்வேட்டை இந்த வழியில் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தார். செலினா அதைப் படித்தாள். நன்றி என்று பதில் எழுதப் பார்த்தாள். அந்த ஒரு சொல் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் நேரத்தில் திலீபன் மடிக்கணினியைத் திறந்து வைத்து, மைலோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கிளாஸ் லா," என்றான்.

"எல்லாப் பிள்ளையும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "எந்த வீடு, எந்த அறை, தலை எந்தப் பக்கம், எல்லாம் தெரியும். அவங்க அம்மாமாரு செத்தே மூவாயிரம் நாலாயிரம் வருஷம் ஆச்சு."

திலீபன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "என்னத் திட்டு செலினா. அடிக்கணும்னாலும் அடி."

"திட்டினா உங்களுக்கு லேசாயிரும்."

அதற்குப் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவள் சமைத்தாள், அவன் சட்டையைத் தேய்த்து மாட்டினாள், பள்ளிக்குப் போனாள். அவன் தினமும் வேலை முடிந்ததும் தோட்டத்துக்குப் போய்ச் செம்பனைக்குள் நடந்துவிட்டு இருட்டும்போது வந்தான். என்ன தேடினான் என்று அவள் கேட்கவில்லை. தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அவன் காலணியில் ஒருநாள் செம்மண் ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் களிமண். அவள் இரண்டையும் கழுவி வெயிலில் வைத்தாள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அவள் வரமாட்டாள் என்று அவன் நினைத்திருந்தான். ஆனால் அவனுக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் ஒரு மண்பானை இருந்தது. மூடியோடு, புதியது. துணி சுற்றி, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்திருந்தான். அதைப் பார்த்தாள். முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுடுகாட்டில் கூட்டம் இருந்தது. பிரிந்துபோன குடும்பங்கள் எல்லாம் கோலாலம்பூரிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் வந்து, குடை பிடித்துக்கொண்டு அவரவர் ஆட்களின் தலைமாட்டில் நின்றன. ஒரு பக்கம் குருக்கள், ஒரு பக்கம் தேவாலயத்துக் கோயில் பிள்ளை. சின்ன யந்திரம் ஒன்று மேல்மண்ணை எடுக்க, மிச்சத்தை ஆட்கள் கையால் எடுத்தார்கள். எலும்புகளை மஞ்சள்நீரில் கழுவிப் பெட்டியில் அடுக்கினார்கள். "ஆத்தா, எந்திரி, வேற வீட்டுக்குப் போறோம்," என்று ஒரு பெண் குழிக்குள் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலையை நடத்திய கோகுலராஜ் என்ற இளைஞன், சிவப்பு நாடா கட்டிய குச்சிகளோடு அவர்களிடம் வந்தான்.

"அண்ணே, உங்களோடது குழந்தைதானே? எந்த இடம்ணே?"

திலீபன் செலினாவைப் பார்த்தான். பிறகு கீழ்க்கோடியைக் காட்டினான். போன நவம்பரில் வைத்த மெழுகு அங்கே இன்னும் வேலிக்கல்லில் ஒட்டியிருந்தது. "அங்க," என்றான். கோகுலராஜ் குச்சியோடு நடக்க ஆரம்பித்தான்.

"வேணாம் தம்பி," என்றாள் செலினா.

கோகுலராஜ் நின்றான்.

"அங்க ஒண்ணும் இல்ல. தோண்டாதீங்க."

"சரிக்கா. அப்ப எங்க?"

 அவன் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பேசிட்டுச் சொல்லுங்கண்ணே, பரவால்ல," என்று நகர்ந்தான். திலீபன் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"பிடிமண் எடுத்துக்கலாம். சாமிக்கே அப்படித்தான் எடுக்கிறோம். ஒரு கோயில்லேர்ந்து ஒரு பிடி மண்ண எடுத்துட்டுப் போயி வச்சா, சாமி அங்க வந்துரும்ல. பானையில போட்டு வைப்போம். நீ சொன்ன அந்தப் பிள்ளைங்க மாதிரி. ஒரு கல்லு போட்டு, நீ வச்ச பேர எழுதிரலாம்."

அவள் பெயர் வைத்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று தெரியவில்லை. தூக்கத்தில் சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் அவள் முகம் இளகுவதுபோல இருந்தது. அவனும் அதைப் பார்த்தான். பானையின் மூடியைத் திறந்தான்.

"எந்த மண்ணு?" என்று அவள் கேட்டாள். "அந்த எடத்து மண்ணு இந்தத் தோட்டத்து மண்ணுகூட இல்ல. குட்டைய மூட லாரியில எங்கேர்ந்தோ கொண்டாந்து கொட்டினது. ஆறு வருஷம் அதுக்குப் பால ஊத்தியிருக்கோம். இன்னும் ஒரு தடவ என்னால முடியாது."

"அப்ப வேற எங்கேர்ந்தாச்சும் எடுப்போம். நீ சொல்லு. எங்க சொல்றியோ அங்க எடுக்கிறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பானையைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான். அழுதான். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அன்று அழுதுகொண்டிருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செலினாவுக்கு அவன் கண்ணைத் துடைக்கவேண்டும்போல இருந்தது. பன்னிரண்டு வருடமாகத் துடைத்த கண்தான். அவள் கை எழவில்லை.

வெயில் ஏறியதும் பெட்டிகளை லாரியில் ஏற்றினார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புது இடத்துக்குப் புறப்பட்டன. அங்கே ஒவ்வொருவருக்கும் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்று, சிறியதாக. கோகுலராஜ் வந்து, "அண்ணே, லேட்டாவுது, நெலத்துக்காரங்க வேலைய ஆரம்பிக்கச் சொல்றாங்க," என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பிறகு பெரிய யந்திரங்கள் பக்கம் கையை அசைத்தான்.

மேட்டில் ஒன்று புறப்பட்டது. ஆற்றுப்பக்கம் இன்னொன்று. செம்பனை மரம் ஒன்று அசைந்து, தலையை ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. வேர் தூக்கிய இடத்தில் மண் பிளந்து சிவப்பாகத் தெரிந்தது.

செலினா மேட்டைப் பார்த்தாள். அங்கேயா? உடனே பின்னால் மரம் விழும் சத்தம் கேட்டு ஆற்றுப்பக்கம் திரும்பினாள். அங்கேயா? இடது பக்கத்தில் மூன்றாவது யந்திரம் முன்னேறியது. அவள் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"வா, போலாம்," என்றான் திலீபன். "பாக்காத. வா."

"ஒரு தடவ கும்பிட்டுட்டு வரேன்," என்றாள். கைகளைக் குவித்திருந்தாள். "எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடணும்? அத மட்டும் சொல்லுங்க."

அவன் மேட்டைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவன் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் கும்பிட்டிருப்பாள். அது அவனுக்கும் தெரிந்தது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.